புதிய மொழியும் பழைய கடப்பாடும்

ஒரு சமுதாயம் தான் நெடுங்காலம் கையாண்டு வந்த கருவியை விடுத்து, அதனினும் சிறந்ததெனக் கருதப்படும் வேறொன்றை ஏற்க முற்படும்போது, அப்புதியது உண்மையிலேயே சிறந்ததுதானா என்னும் வினாவே பெரும்பாலும் முதலில் எழுகின்றது. அது தொழில்நுட்பம் சார்ந்த வினா. அதற்கு விடை காண்பதும் அத்துணை அரிதன்று. ஆனால் அதனோடு உடன்பிறந்த வேறு சில வினாக்கள் உள. மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது? பழையதை மட்டுமே அறிந்தவருக்குப் புதியதைக் கொணர்பவர் ஏதேனும் கடப்பாடு உடையவரா? பழையதை அறிந்தவர், அவ்வறிவு ஒன்றையே காரணமாகக் காட்டி வாயிலை அடைத்து நிற்கலாமா? இவ்விரு சாராருக்கும் அப்பால், அக்கருவியின் பயனை மட்டுமே நம்பியிருக்கும் மூன்றாமவர் ஒருவர் உளராயின், அவர் பொருட்டுப் பேசுவார் யார்? இவை அறவியல் சார்ந்த வினாக்கள். திறந்த மூல மென்பொருள் ஆக்கத்தில் ஒரு நிரலாக்க மொழிக்குப் பதிலாக மற்றொன்று இடம்பெறும் நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவரொருவர் கணினி நிரல் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். மொழி, மரபு, வழக்கிழத்தல், பெயர்த்தெழுதல் என்பனவெல்லாம் நமது துறைச் சொற்களே. நிரலாளர் அவற்றை இரவல் பெற்றுக்கொண்டனர். இரவல் கொடுத்தவர், கொடுத்த பொருள் எவ்வாறு பயன்படுகின்றதெனப் பார்த்து வருவதில் தவறில்லை.

திறந்த மூல மென்பொருளாவது, அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையளிக்கப்பட்ட மென்பொருள். அதனை ஆக்குவோரிற் பலர் தொண்டர்கள். வாணிப நிறுவனமொன்றில், நாளை முதல் இன்ன மொழியில் எழுதுக என்று மேலிருந்து ஆணை பிறந்தால் அது நிறைவேறும். ஏற்க விரும்பாதவர் வேறு வேலை தேடுவார். தொண்டர் குழுவிலோ ஆணையுமில்லை, ஊதியமுமில்லை. அங்கே ஒருவருக்குள்ள மதிப்பு, அவர் அந்நிரலை எவ்வளவு ஆழமாக அறிவார் என்பதனாலேயே அமைகின்றது. மொழி மாறினால் அம்மதிப்பும் ஓரிரவில் மாறக்கூடும். பத்தாண்டுக் காலம் உழைத்தவர் மீண்டும் அரிச்சுவடி தொடங்க நேரும். எனவே இங்கு மொழி மாற்றம் என்பது வெறுங் கருவி மாற்றமன்று. யாருடைய உழைப்பு எண்ணப்படும், யாருடையது எண்ணப்படாது போகும் என்பதைத் தீர்மானிக்கும் செயலுமாகும்.

இதற்கான உதாரணம் தேடி நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களைத் தாக்கியபோது 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலும் பல இலட்சம் பேர் வீடிழந்தனர். யார் எந்த முகாமில் உள்ளார், எந்த முகாமுக்கு எது தேவை, எந்த நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது, காணாமற் போனவரைத் தேடுவோர் யாரிடம் கேட்பது என்பன பெருங்குழப்பமாயின. அந்நாள்களில் இலங்கையின் மென்பொருளாளர் பலர் தொண்டர்களாகத் திரண்டு, லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பின் அரவணைப்பில், சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்கு ‘சஹன’ எனப் பெயரிட்டனர். சிங்கள மொழியில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, நிவாரண நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி எனப் பல கூறுகள் அதில் இருந்தன. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம் ஆகியவற்றின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயன் விளைக்கும் செயற்றிட்டத்துக்கென அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. நமது நாட்டில் துயரின் நடுவே பிறந்த ஒரு பொருள் பிற நாட்டாரின் துயருக்கும் உதவியது என்பது சிறிய செய்தியன்று. நமது பாடநூல்களில் அதற்கு இடம் கிடைக்காதது வருந்தத்தக்கதே.

இம்மென்பொருள் பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்டது. இணையத்தளம் ஆக்குவோர் பலருக்கும் அக்காலத்தில் தெரிந்திருந்த மொழி அது. அவசர காலத்தில், கூடியவரெல்லாம் அறிந்த மொழியே சிறந்த மொழி என்னும் முடிவை எவரும் குறைகூற முடியாது. சில ஆண்டுகள் கழிந்தபின், அக்குழுவினருள் ஒரு பகுதியினர் பைத்தன் என்னும் மொழியில் அதனை முற்றிலும் புதிதாக எழுதத் தொடங்கினர். 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாடு நிலநடுக்கத்தாற் சிதைந்தபோது, இந்தப் பைத்தன் கிளையே அங்கு பணிக்கு அமர்த்தப்பட்டது. பின்னர் அது ‘ஈடன்’ எனப் பெயர் பெற்றது. பழைய பி.எச்.பி. கிளையும் உடனே மறைந்துவிடவில்லை. ‘அகஸ்தி’, ‘வெசூவியஸ்’ ஆகிய பெயர்களில் அது வேறு தேவைகளுக்காகத் தொடர்ந்து வளர்க்கப்பட்டது. ஒரு குழு இரு மொழிக் குழுவாயிற்று.

ஈண்டு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. பைத்தன் முதன்முதலில் வெளியிடப்பட்டது 1991இல், பி.எச்.பி. வெளிவந்தது 1995இல். அதாவது ‘புதிய மொழி’ பழைய மொழியினும் அகவையால் மூத்தது. புதுமை என்பது பொருளின் பிறந்தநாளைப் பற்றியதன்று. அது ஏற்பவரின் நிலையைப் பற்றியது. இதனை மறந்து, புதியது எனவே முற்போக்கானது என்றும், பழையது எனவே பிற்போக்கானது என்றும் வாதிடுவோர் நம்மிடையேயும் உளர். இலக்கியத்திலும் அவர்களை நாம் சந்தித்திருக்கின்றோம்.

இனி, மாற்றத்தை விரும்பியோரின் பக்கம் நியாயம் உண்டா என்பதை நோக்குவோம். தமிழ் பேசுவோர் என்ற முறையில் நமக்கு நேரே புலப்படும் ஒரு சான்றை மட்டும் காட்டுகின்றேன். ‘வேலணை’ என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் எத்தனை? மூன்று என்று பாலர் வகுப்புப் பிள்ளையும் கூறும். ஆனால் பி.எச்.பி. மொழியில் ஒரு சொல்லின் நீளத்தை அளக்க வழமையாகப் பயன்படும் கட்டளையிடம் கேட்டால், 15 என்று விடை வரும். ஒருங்குறி முறையில் இச்சொல் ஐந்து குறியீடுகளாகப் பதியப்படுகின்றது. ஒவ்வொரு குறியீடும் சேமிக்கப்படுகையில் மூன்று பைட்டுகளைக் கொள்கின்றது. அக்கட்டளை எண்ணுவது எழுத்தையன்று, பைட்டை. ஆங்கிலப் பெயர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் அதனை எழுதியோர் இடர்ப்படவில்லை. ஒரு பதிவேட்டில், பெயரின் முதல் இருபது இடங்களை மட்டும் எடுத்து அச்சிடுக என்று அம்முறையில் எழுதப்பட்டிருக்குமாயின், ஆறு குறியீடுகள் முழுமையாக வந்தபின் ஏழாவது நடுவே அறுந்து, பொருளற்ற கீறாக நிற்கும். காணாமற் போனோர் பட்டியலில் தன் மகனின் பெயரைத் தேடும் தாய்க்கு அக்கீறு என்ன சொல்லும்?

இக்குறையை நீக்க வேறு கட்டளைகள் பி.எச்.பி.யில் உண்டு, ஆயினும் அவற்றை நிரலாளரே நினைவில் வைத்து இடவேண்டும். மொழியின் அடித்தளத்திலேயே ஒருங்குறியைப் பொருத்தும் நோக்குடன் தொடங்கப்பட்ட அதன் ஆறாம் பதிப்பு 2010இல் கைவிடப்பட்டது. பைத்தனோ 2008 டிசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பில் எல்லா உரைகளையும் ஒருங்குறியாகவே கொண்டது. அதனிடம் கேட்டால் ‘வேலணை’க்கு ஐந்து என்று விடை தரும். அதுவும் பிழையே! மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்த்து ஓரெழுத்தாகக் காணும் நமது இலக்கணம் அதற்குத் தெரியாது. தமிழ்த் தொண்டர்கள் பைத்தனில் எழுதி வழங்கியுள்ள ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரற்றொகுதியைத் துணைக்கு அழைத்த பின்னரே மூன்று என்னும் விடை கிடைக்கின்றது. பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்தது புதிய மொழியின் சிறப்பு. ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்தது மனிதரின் உழைப்பு. மொழியை மாற்றிய மாத்திரத்தே எல்லாம் சீராகும் என்போர் இவ்விரண்டாம் படியைக் காண்பதில்லை.

மாற்றத்துக்கு எதிரான வாதத்துள் வலிமை வாய்ந்தது, பழையதை அறிந்தோரின் தன்மானம் பற்றியதன்று. பழைய நிரலுள் எழுதப்படாத அறிவு பொதிந்திருக்கின்றது என்பதே அது. பல்லாண்டு வழங்கிய நிரலொன்றில், காரணம் விளங்காத சிறு வரிகள் பல இருக்கும். ஒவ்வொன்றும் என்றோ ஒருநாள் எவருக்கோ நேர்ந்த இடுக்கண்ணின் தழும்பு. உதாரணமாக, பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாகப் பிரிக்கும் கட்டங்களைக் கொண்ட பதிவேட்டைக் கருதுக. நமக்குக் குடும்பப்பெயர் என்பதே இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். திருமணத்தின்பின் பெண்ணின் முன்னெழுத்து மாறலாம். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பத்துப்பேர் இருப்பர்; அவர்களை வேறுபடுத்துவது கிராம சேவையாளர் பிரிவும் தந்தை பெயருமே. இதனை முகாமில் நின்று பட்டறிந்த ஒருவர் பழைய நிரலில் ஒரு வரியைச் சேர்த்திருப்பார். எங்கோ இருந்து புதிதாக எழுதுபவர், அவ்வரி எதற்கென விளங்காமையால் விட்டுவிடுவார். புதிய நிரல் விரைவாக ஓடும், அழகாகவும் இருக்கும். தவறு வெளிப்படுவது அடுத்த பேரிடரின்போதுதான்.

கருவி மாறும்போது அதனுள் மறைந்திருந்த விதி தொலைந்துபோதலுக்கு, எனது ஊரான வேலணையும் அதனைச் சூழ்ந்த தீவகமும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. எங்களுக்கு ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடாகவும் மணலின் ஊடாகவும் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கின்றது. சாட்டிக் கடற்கரையை அண்டிய நன்னீர்க் கிணறுகளின் பெருமையும் அதுவே. முன்னாளில் புகையிலைத் தோட்டத்துக்குத் துலாவினால் நீர் இறைத்தனர். துலா மிதிக்க ஆள், பட்டையை வாங்கி ஊற்ற ஆள், வாய்க்காலில் தண்ணீர் மாற ஆள் என ஓர் இறைப்புக்குப் பலர் வேண்டும். உடல் சோரும், இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். இவ்வளவுக்குமேல் இறைக்கலாகாது என்று எவரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய தேவையுமிருக்கவில்லை. மனித உடலின் களைப்பே விதியாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு வந்தபோது அக்களைப்பு நீங்கியது. அதனுடன் விதியும் நீங்கியது. நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலநீரியலார் கணக்கு. பல கிணறுகள் உவரானதற்கு அளவுமீறிய இறைப்பும் ஒரு காரணம் என்பதை இன்று யாவரும் ஏற்பர்.

இதிலிருந்து துலாவையே வைத்திருந்திருக்கவேண்டும் என்று நான் முடிவு கூறவில்லை. துலா மிதித்து விழுந்து இறந்தோரும் முடமானோரும் உண்டு. அவ்வுழைப்பு எந்தச் சாதியாரின் தோளில் விழுந்தது என்பதையும் நாம் அறிவோம். இயந்திரத்தை வரவேற்றது நியாயமே. வரவேற்றபோது, துலா சொல்லாமற் செய்துவந்ததை எவரேனும் சொல்லாக்கி வைத்திருக்கவேண்டும் என்பதே எனது கூற்று. அதனைச் சொல்லாக்குவது யாருடைய கடமை? துலாவை அறிந்தவர் சொல்லாமல் எவருக்கும் தெரியாது. இயந்திரத்தைக் கொணர்பவர் கேளாமல் அவரும் சொல்லப்போவதில்லை.

எழுதப்படாத அறிவு பற்றிய இப்பூசலை அண்மைக்காலத்தில் உலகறியச் செய்தது லினக்ஸ் என்னும் மாபெரும் திறந்த மூலச் செயற்றிட்டமாகும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய அது, சி என்னும் மொழியில் எழுதப்பட்டு வந்தது. சி மொழியில் ஒரு நிரற்பகுதி நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறுமாயின், வேலை முடிந்ததும் அதனை மீளக் கையளிக்கவேண்டும். யார் கையளிப்பது, எப்பொழுது, இடையில் வேறெவரும் அதனைத் தொடலாமா என்பன மொழியில் எழுதப்படுவதில்லை. அவை மரபாக வழங்கும். சிலவேளை ஒரு பராமரிப்பாளரின் தலைக்குள் மட்டுமே இருக்கும். இவ்வகைத் தவறுகளிலிருந்தே பாதுகாப்புக் குறைபாடுகளுள் பெரும்பகுதி விளைகின்றது. தனது மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் குறைபாடுகளுள் 70 வீதமளவு இத்தகையனவே என மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2019இல் அறிவித்தது. 2015இல் முதற்பதிப்புக் கண்ட ரஸ்ட் என்னும் மொழி, எந்த இடம் யாருக்கு உடைமை, யார் இரவலாகப் பெற்றவர் என்பதை நிரலிலேயே வெளிப்பட எழுதுமாறு வற்புறுத்துகின்றது. எழுதாவிடின் தொகுப்பி அந்நிரலை ஏற்க மறுத்துவிடும். 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு முதன்முறையாக இடமளிக்கப்பட்டது.

அதன்பின் மூண்டது பெரும் பூசல். ரஸ்டில் எழுத வந்தோர், பழைய சி பகுதிகளின் விதிகள் யாவை எனக் கேட்டனர். விடை தெரிந்தாலன்றி அவற்றை ரஸ்டில் எழுத இயலாது. பழையோரிற் சிலருக்கு அக்கேள்வியே குற்றச்சாட்டாகத் தோன்றியது. வேறு சிலர் எழுப்பிய தடையோ நேர்மையானது: ‘நான் எனது சி நிரலை நாளை மாற்றினால் உங்கள் ரஸ்ட் நிரல் உடையும்; அதனைச் சீர்செய்யும் சுமை என் தலையில் விழுமா?’ 2024 ஓகஸ்டில், ரஸ்ட் முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர், தொழில்நுட்பம் சாராத பிணக்குகளைத் தாங்கும் வலு தமக்கு இனி இல்லையெனக் கூறி விலகினார். 2025 பெப்ருவரியில் டோர்வால்ட்ஸ் தமது நிலைப்பாட்டை வெளிப்படுத்தினார். ரஸ்டை விரும்பாத பராமரிப்பாளர் அதனைத் தொடவேண்டியதில்லை. ஆயின் தொடமாட்டேன் என்பவர், தமது நிரலைப் பிறர் ரஸ்டிலிருந்து பயன்படுத்துவதைத் தடுக்கும் அதிகாரத்தையும் கோர முடியாது என்பது அதன் சாரம். 2025 டிசம்பரில் நடைபெற்ற பராமரிப்பாளர் கூட்டத்தில், ரஸ்ட் இனிப் பரிசோதனை நிலையில் இல்லை எனவும் முடிவாயிற்று.

டோர்வால்ட்ஸின் தீர்ப்பு அதிகாரத்தின் எல்லையைச் சரியாகவே வகுத்தது. ஒன்றை அறிந்திருத்தல் அதன்மேல் உடைமையுரிமை ஆகாது. சமுதாயத்தின் பொது முயற்சியில் ஒருவர் பெற்ற அறிவு அச்சமுதாயத்துக்கு உரியதே. கேட்பவருக்குச் சொல்ல மறுப்பது பொதுக்கிணற்றுக்கு வேலியடைப்பதை ஒக்கும். (வேலியடைத்த கிணறுகளையும் நமது சமூகம் கண்டதுண்டு.) ஆனால் அத்தீர்ப்பு, ‘நீ உன் வழி, நான் என் வழி’ என்பதோடு அமைந்துவிடுகின்றது. சொல்லவேண்டிய கடமை மூத்தோருக்கு உண்டெனின், பெயர்த்தெழுதும் உழைப்பு இளையோரின் கடமையாகும். பழைய நிரலைப் பழித்துவிட்டு வெற்றிடத்தில் புதிய கட்டடம் எழுப்புவது எளிது, மகிழ்ச்சி தருவதும்கூட. பழையதை வரிவரியாகப் படித்து, விளங்காத வரிக்குக் காரணம் கேட்டு, அதனைப் புதியதில் ஏற்றுவது சலிப்புத் தருவது, எவரும் பாராட்டப்போவதுமில்லை. இச்சலிப்பான வேலையை ஏற்பவருக்கே மாற்றத்தைக் கோரும் உரிமை உண்டென நான் கருதுகின்றேன்.

நமது பல்கலைக்கழகங்களின் வரலாறும் இதனைக் காட்டும். 1960ஆம் ஆண்டளவில் கலைப்பாடங்கள் ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிகளுக்கு மாறத் தொடங்கியபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாயில் திறந்தது. அம்மாற்றம் இன்றேல் என் போன்றார் பலர் இம்மலரில் எழுதியிருக்கமாட்டார்கள். வாயில் திறந்ததே தவிர, நூலகம் பெரிதும் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டது. கலைச்சொல்லாக்கமும் மொழிபெயர்ப்பும் சிலரின் தனிப்பட்ட முயற்சியாற் சில காலம் செழித்துப் பின் தளர்ந்தன. விரிவுரைக் குறிப்பை மனனம் செய்து தேறும் வழக்கத்துக்கு மாணவரின் சோம்பலை மட்டும் காரணமாக்குவோர், பெயர்த்தெழுதும் கடனை யார் தீர்க்காமல் விட்டனர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

மூன்றாமவரிடம் மீள்வோம். 1990இல் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அவர்களின் பெயர்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் கடதாசியில் எழுதப்பட்டன. எழுதியவரின் கையெழுத்தும் எழுத்துப்பிழையும் ஒரு குடும்பத்தின் உலருணவைத் தீர்மானித்தன. அவர்களிற் பலர் பின்னர் வன்னியிலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிதறினர். இன்றும் வேலணையில் ஆளின்றிப் பாழடைந்த வீடுகள் பல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோதும் பல்லாயிரவர் பெயர்களைப் பதியவேண்டியதாயிற்று. அப்பதிவேட்டில் இடம்பெறும் மனிதருக்கு, அது பி.எச்.பி.யில் எழுதப்பட்டதா பைத்தனில் எழுதப்பட்டதா என்பது தெரியாது, தெரியவேண்டிய அவசியமுமில்லை. நிரலாளர் கூடி மொழியைத் தெரிவுசெய்யும் அவையில் அவருக்கு ஆசனமில்லை. ஆகவே அங்கே கேட்கப்படவேண்டிய கேள்வி எம்மொழி சிறந்தது என்பதோ, எம்மொழி எனக்குப் பழக்கம் என்பதோ அன்று. இன்று எழுதுவோர் எல்லாரும் விலகிச் சென்றபின், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் வெள்ளம் வந்தால், அப்பெயர் அறுபடாமல் நிற்குமாறு இந்நிரலைத் திருத்தவல்லார் எத்தனைபேர் இருப்பர் என்பதே கேள்வி. சிலவேளை அதற்கு விடை புதிய மொழியாக இருக்கும். சிலவேளை, குறைகள் மலிந்த பழைய மொழியாகவே இருக்கும். ஒரே விடை எப்போதும் பொருந்தும் என்று எதிர்பார்ப்போரை இக்கட்டுரை ஏமாற்றவே செய்யும்.

ஹெயிட்டிக்குச் சென்ற ஈடனின் கதை அங்கு முடிந்துவிடவில்லை. அது பைத்தனின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டது. அப்பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. மூன்றாம் பதிப்பு பெயரளவில் அதே மொழியாயினும், இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல் அதில் அப்படியே ஓடாது. பி.எச்.பி.யிலிருந்து வெளியேறி வந்த இளைஞர்கள், ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் தாமே பழையதை அறிந்த மூத்தோராயினர். அவர்கள் எழுதிய வரிகளுள் எது எதற்காக என்று கேட்க, அடுத்த தலைமுறையினர் வந்து நின்றனர்.